சைக்கிளில் போன ராக்கெட்டும் பெயர் எழுதாத படங்களும்

இந்த மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, “எனக்குக் கல்வெட்டும் தெரியாது, செப்பேடும் தெரியாது. கேமராவைப் பற்றி வேண்டுமானால் எழுதித் தருகிறேன்” என்றேன். “அதுவும் வரலாறுதானே சார், எழுதுங்க” என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளாகக் கழுத்தில் ஒரு சிறிய கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு இந்தத் திருவனந்தபுரத்துத் தெருக்களில் திரிந்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். பிழையிருந்தால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன் பழைய ஆண்டு மலர்கள் சிலவற்றை எடுத்துப் புரட்டினேன். எத்தனையோ படங்கள். மேடையில் வரிசையாக நாற்காலிகள், பின்னால் பேனர், நடுவில் குத்துவிளக்கு, பொன்னாடை. எல்லோரும் கேமராவையே பார்க்கிறார்கள். ஆனால் நம்மவர்கள் இந்த ஊரில் எப்படி வாழ்ந்தார்கள், சாலைக் கம்போளத்தில் எப்படிக் கடை திறந்தார்கள், கோட்டைக்குள் அக்கிரகாரத் திண்ணைகளில் எப்படிப் பொழுது போக்கினார்கள் என்று சொல்ல ஒரு படம்கூட அகப்படவில்லை. நாம் நின்று எடுத்த படங்கள் இருக்கின்றன. வாழ்ந்த படங்கள் இல்லை. அந்தக் குறைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

தும்பாவில் எடுத்த ஒரு படம்

வாழ்ந்தபோதே எடுத்த படம் என்றால் என்ன என்பதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. இருவர் ஒரு சைக்கிளோடு நடக்கிறார்கள். பின் கேரியரில் ராக்கெட்டின் முனைக்கூம்பு. இந்திய விண்வெளி ஆராய்ச்சி எவ்வளவு எளிமையாகத் தொடங்கியது என்று யார் எழுதினாலும் இந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள்.

இந்தப் படத்தைப் பற்றி மூன்று தவறான செய்திகளை நான் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். முதலாவது, இது 1963-இல் முதல் ராக்கெட் ஏவியபோது எடுத்தது என்பது. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது 1963 நவம்பர் 21 அன்று. அது அமெரிக்கா தந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட். சைக்கிள் படமோ 1966-இல் எடுக்கப்பட்டது. இரண்டாவது, படத்தில் இருப்பவர் அப்துல் கலாம் என்பது. கலாம் அவர்கள் அக்காலத்தில் தும்பாவில் பணியாற்றியவர்தான்; ஆனால் படத்தில் இருப்பவர் அவர் அல்லர். அங்கே பொறியாளராக இருந்த சி. ஆர். சத்யா, அந்த இருவரில் ஒருவர் தாமே என்றும் உடன் இருப்பவர் வேலப்பன் நாயர் என்றும் பிற்காலத்தில் தெரிவித்தார். மூன்றாவது, மாட்டு வண்டிப் படமும் அதே நாளில் எடுத்தது என்பது. அது 1981-இல் ‘ஆப்பிள்’ செயற்கைக்கோளைச் சோதித்தபோது எடுத்த வேறு படம். அங்கே மாட்டு வண்டி வந்தது ஏழ்மையால் அல்ல. ஆன்டெனா சோதனைக்கு உலோகம் இல்லாத வண்டி தேவைப்பட்டது.

சரி, சைக்கிள் படத்தை எடுத்தவர் யார்? பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய நிழற்படக் கலைஞர் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் மனிதர். பிறந்தது 1908, மறைந்தது 2004. தும்பைப் பூவின் பெயர் கொண்ட அந்த மீனவர் கிராமத்தில், மரிய மகதலேனா மாதா கோவிலே அலுவலகமாகவும் பிஷப் இல்லம் முதலியவை பணிக்கூடங்களாகவும் இருந்த நாட்களில் அவர் அங்கே வந்தார். அவர் கையில் எப்போதும் இருந்தது லைக்கா என்னும் ரேஞ்ச் ஃபைண்டர் கேமரா. சைக்கிளை நிறுத்தச் சொல்லி, இருவரையும் சிரிக்கச் சொல்லி எடுத்திருந்தால் அந்தப் படம் இவ்வளவு பேசியிருக்குமா? நிச்சயமாக இல்லை.

அதற்கு முன் இருந்த கேமராக்கள்

திருவிதாங்கூரில் நிழற்படக் கலை அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்த சக்கரியாஸ் டி குரூஸ் சமஸ்தானம் முழுவதும் சுற்றி எடுத்த படங்கள் ஆல்பமாகத் தொகுக்கப்பட்டன. வைஸ்ராய் கர்சன் பிரபு 1900-இல் திருவிதாங்கூர் வந்த காலத்தை ஒட்டிய தொகுப்பு அது. கோவில்கள், அரண்மனைகள், அருவிகள், பலவகை மக்கள் என்று அழகான படங்கள். ஆனால் அன்றைய கேமரா முக்காலியில் நிற்கும் பெரிய மரப்பெட்டி. உள்ளே கண்ணாடித் தகடு. படம் எடுக்கப் போகிறார்கள் என்பது தெரு முழுக்கத் தெரியும். மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நம் தாத்தா பாட்டி படங்களில் எல்லோரும் விறைத்துக்கொண்டு இருப்பதற்கு இதுதான் காரணம்; அவர்கள் சிரிக்கத் தெரியாதவர்கள் அல்ல.

பின்னர் ஸ்டூடியோக்கள் வந்தன. இந்நகரில் 1959-இல் சிவன் அவர்கள் தொடங்கிய ஸ்டூடியோவை ஸ்டாச்சு பக்கம் நடந்த யாரும் மறக்க முடியாது. ‘செம்மீன்’ படத்துக்கு ஸ்டில் எடுத்தவர் அவர். ‘தளபதி’, ‘ரோஜா’ படங்களின் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனின் தந்தை என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்துவிடும். ஸ்டூடியோவுக்கு வெளியே போய்ச் செய்தியையும் மக்களையும் படம் பிடித்த முன்னோடிகளில் ஒருவர். 2021-இல் காலமானார்.

ஆஸ்துமாக்காரர் செய்த கேமரா

பெட்டியிலிருந்து சட்டைப் பைக்குக் கேமரா வந்த கதை சுவையானது. ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊரில் லைட்ஸ் கம்பெனியில் ஆஸ்கர் பார்னாக் என்றொரு தொழில்நுட்ப மேதை இருந்தார். ஆஸ்துமா நோயாளி. கனமான கேமராவையும் தகடுகளையும் சுமந்து மலை ஏற முடியவில்லை. ஆகவே சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் பதியும் ஒரு சிறு கேமராவை முதல் உலகப் போருக்குச் சற்று முன்பே செய்துவிட்டார். போர் முடிந்து, 1925-இல் லைப்சிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு சுருளில் 36 படம்.

அதில் தூரத்தைக் கணக்கிட்டு லென்ஸை நாமே திருப்ப வேண்டியிருந்தது. 1932-இல் வந்த இரண்டாவது லைக்காவில் தூரம் அளக்கும் கருவியை லென்ஸோடு இணைத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஸைஸ் கம்பெனி கான்டாக்ஸ் கேமராவைக் கொண்டு வந்தது. கார்ட்டியே பிரெஸ்ஸோன் மார்சேய் நகரில் தம் முதல் லைக்காவை வாங்கியதும் 1932-ஆம் ஆண்டுதான். 1954-இல் எம்3 என்ற லைக்கா வந்தது. பார்க்கும் ஜன்னலும் தூரம் அளக்கும் ஜன்னலும் அதில் ஒன்றாயின. இந்த வகைக் கேமராவின் உச்சம் அது என்பார்கள்.

இரண்டு கண்ணால் தூரம் அளப்பது

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், சிரமம் தெரியும். இரண்டு கண்ணும் சற்று வேறுபட்ட கோணத்தில் பார்ப்பதால்தான் நமக்குத் தூரம் புலப்படுகிறது. ரேஞ்ச் ஃபைண்டர் கேமராவின் நெற்றியிலும் இரண்டு ஜன்னல்கள் உண்டு. ஒன்றின் வழியே நாம் பார்க்கிறோம். மற்றொன்றின் பிம்பம் உள்ளே கண்ணாடியில் பட்டு, நாம் பார்க்கும் காட்சியின் நடுவில் ஒரு சிறு வெளிச்சக் கட்டமாக விழுகிறது. கட்டத்துக்குள் எதிரே நிற்பவர் இரட்டையாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோக்கஸ் சரி. பீரங்கிப் படையினர் தூரம் அளந்த அதே வித்தைதான்.

எஸ்.எல்.ஆர். என்னும் வகையில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். அதற்காக உள்ளே ஒரு கண்ணாடி. பட்டனை அமுக்கியதும் அது ‘டப்’ என்று மேலே எழும். அந்தக் கணம் நமக்குக் காட்சி இருண்டுவிடும். ரேஞ்ச் ஃபைண்டரில் அந்தக் கண்ணாடி இல்லை. ஆகவே சத்தம் குறைவு, உருவம் சிறியது, படம் பதியும் கணத்தையும் கண்ணால் பார்க்கலாம். இன்னொரு வசதி மிக முக்கியமானது. நல்ல கேமராக்களில் படத்தின் எல்லை ஒரு வெள்ளைச் சட்டமாகத் தெரியும். சட்டத்துக்கு வெளியே நடப்பதும் தெரியும். யார் உள்ளே வரப்போகிறார் என்று முன்கூட்டியே பார்த்துக் காத்திருக்கலாம். இயல்பான படம் எடுப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறைகளும் உண்டு. ஒரு மீட்டருக்கு உட்பட்டு நெருங்கிப் போவது கடினம். 135 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட டெலி லென்ஸ் பழக்கத்துக்கு உதவாது. பூவும் பூச்சியும் பறவையும் எடுப்பவர்களுக்கு இது ஆகாது. 1959-இல் நிக்கான் எஃப் வந்தபின் பத்திரிகைக்காரர்கள் மெல்ல மெல்ல எஸ்.எல்.ஆர். பக்கம் சாய்ந்தது இதனால்தான். இன்னொரு பெரிய குறை உண்டு. அதை என் சொந்தக் கதையில் சொல்கிறேன்.

அருணாசலத்தில் அதே கேமரா

கார்ட்டியே பிரெஸ்ஸோனுக்குத் தமிழ்நாடு புதிதல்ல. 1937-இல் அவர் மணந்த ரத்னா மோகினி ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞர். இந்திய நடனத்தில் ஈடுபாடு கொண்டவர். 1947-இல் மாக்னம் என்ற நிழற்படக்காரர்களின் கூட்டுறவு நிறுவனத்தை நண்பர்களோடு தொடங்கிவிட்டு பிரெஸ்ஸோன் கீழை நாடுகளுக்கு வந்தார். 1948 ஜனவரியில் காந்தியடிகளைச் சுடப்படுவதற்குச் சற்று முன் சந்தித்ததும், பின் அந்த இறுதி ஊர்வலத்தை எடுத்ததும் உலகம் அறிந்தவை.

1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி உடல் நலிந்து கிடந்த நாட்கள். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு மகரிஷி சமாதி அடைந்தபோது வானில் ஓர் ஒளி நகர்ந்து சென்றதைத் தாமும் கண்டதாகப் பிரெஸ்ஸோன் சொல்லியிருக்கிறார். ரமணாசிரமத்துக்குப் போகும் நம் குடும்பங்கள் பார்க்கும் கடைசிக் காலப் படங்களில் அவர் எடுத்தவையும் உண்டு. துயரத்தில் அமர்ந்திருக்கும் அன்பர் கூட்டத்தின் நடுவே பெரிய கேமராவும் பளிச்சென்று அடிக்கும் ஃபிளாஷும் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சின்னக் கேமராவின் அடக்கம் அங்கே மரியாதையாக மாறுகிறது. அவர் ஃபிளாஷ் பயன்படுத்துவதை வெறுத்தவர். கேமராவின் பளபளப்பு கண்ணை உறுத்தாமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். பெரும்பாலும் ஒரே 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான். நம் கண் சாதாரணமாகப் பார்ப்பதை ஒத்த பார்வை அது.

என் ஸோர்க்கியும் அப்பாவின் கடைசி நாளும்

எங்கள் தாத்தா கோட்டாறிலிருந்து சாலைக்கு வந்து பலசரக்குக் கடை வைத்தவர். அப்பா அதை மொத்த வியாபாரமாக்கினார். நான் அரசு வேலைக்குப் போய்விட்டேன். 1976-இல் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் மூலம் ஒரு ருஷ்யக் கேமரா என் கைக்கு வந்தது. தும்பாவில் 1970 முதல் சோவியத் நாட்டின் எம்-100 வானிலை ராக்கெட்டுகளை வாரந்தோறும் ஏவி வந்தார்கள். அதற்காக வந்த ருஷ்யர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ஸோர்க்கி-4 அது. லைக்காவைப் பார்த்து ருஷ்யர்கள் 1934-இல் ஃபெட் கேமராவைச் செய்தார்கள். போருக்குப் பின் அதன் தம்பியாக ஸோர்க்கி வந்தது. லைக்கா வாங்க வக்கில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே லைக்கா. ஃபிலிமுக்கு ஊட்டியிலிருந்து வந்த ‘இந்து’. 1960-இல் உருவான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் தயாரித்த சரக்கு. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை.

அப்பாவுக்கு நான் கேமராவோடு கடைக்கு வருவது பிடிக்காது. “ஏலே, படம் பிடிக்கணும்னா முன்னாலயே சொல்லப்படாதா? சட்டையாவது மாத்திக்கிடுவேம்லா” என்பார். சொன்னால் எழுந்து நின்று விறைத்துக்கொள்வார். சொல்லாமல் எடுத்தால் கோபம். இப்படியே பதினோரு வருஷம் ஓடியது.

1987-இல் கடையைக் கைமாற்றிக் கொடுக்க முடிவானது. கடைசி நாள் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அன்று மட்டும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தராசைத் துடைத்தார், கணக்குப் புத்தகங்களைக் கட்டினார், சுமட்டுத் தொழிலாளர்களுக்குக் காசு கொடுத்தார், அடுத்த கடை அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டே சாவிக் கொத்தை எடுத்துக் கொடுத்தார். முப்பத்தாறு படமும் எடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகக் காத்திருந்து எடுத்தது அன்றுதான் என்று நினைத்தேன்.

இரவு வீட்டில் ஃபிலிமைக் கழுவினேன். சுருள் முழுவதும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. ஒரு படம்கூட இல்லை. லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை! எஸ்.எல்.ஆர். என்றால் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது, உடனே புரிந்துவிடும். ரேஞ்ச் ஃபைண்டரில் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் பதியும் லென்ஸ் வேறு. ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கும். நான் மேலே சொன்ன பெரிய குறை இதுதான். அப்பாவிடம் சொன்னேன். “போட்டும்லே, நாம பாத்தோம்லா” என்றார். அவ்வளவுதான். நான்கு ஆண்டில் அவரும் போய்விட்டார்.

2006-இல் சாலையில் பழைய வியாபாரி ஒருவரின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். பழைய படங்கள் கிடந்த தகரப் பெட்டியைப் பையன்கள் காட்டினார்கள். அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அவர்கள் கடை முன் மூட்டை இறக்குகிறார்கள். ஓரத்தில் ஒருவர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். “இது யாருன்னு எங்களுக்குத் தெரியல சார்” என்றார்கள். பின்புறத்தில் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் அப்பா. எடுத்தவர் யாரோ, எந்த வருஷமோ. வீட்டுக்குக் கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே கடையிலதான்” என்றாள். நான் அன்று அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்தப் படம் யாரோ ஒருவரின் படமாகவே குப்பைக்குப் போயிருக்கும்.

வாங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள்

இன்று பிள்ளைகள் சிலர் மறுபடியும் ஃபிலிம் கேமராவைத் தேடுகிறார்கள். அவர்களுக்காக நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

லைக்கா எம் வரிசை இன்றும் சிறந்தது. விலையோ நம் போன்றவர்களுக்கு எட்டாதது. 1984-இல் வந்த எம்6-ஐ 2022-இல் மீண்டும் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1999-இல் தொடங்கிய ஃபோக்ட்லேண்டர் பெஸ்ஸா வரிசை 2015-இல் நின்றுபோயிற்று. பழையது கிடைத்தால் நல்லது. எளிய வழி, லென்ஸ் கழற்ற முடியாத ஜப்பானிய ரேஞ்ச் ஃபைண்டர்கள். கேனனெட், ஒலிம்பஸ் 35, யாஷிகா எலக்ட்ரோ 35 ஆகியவை. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் அந்நாளில் வந்த இவை பல வீட்டுப் பரணில் தூங்குகின்றன. எலக்ட்ரோவுக்கான பழைய பாதரச பாட்டரி இப்போது செய்வதில்லை. சிறிய பாட்டரியோடு ஓர் அடாப்டர் போட்டால் ஓடும். ஸோர்க்கி வாங்கினால் ஒன்று நினைவிருக்கட்டும்: ஃபிலிமைச் சுற்றிய பிறகே ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். மாறிச் செய்தால் உள்ளே பல் கெடும்.

பழையது வாங்கும்போது தூரத்துக் கோபுரத்தையோ நிலாவையோ பாருங்கள். லென்ஸை முடிவிலியில் வைத்தால் இரட்டை உருவம் ஒன்றாக வேண்டும். மேலும் கீழுமாக விலகி நின்றாலும் பழுதுதான். லென்ஸில் டார்ச் அடித்து எதிர்ப்புறமிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் இடவப்பாதி மழை லென்ஸுக்கு எமன். தோல் உறையில் வைத்துப் பீரோவில் பூட்டுவதைப் போல் கெடுதல் வேறில்லை. மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், மாதம் ஒருமுறை எடுத்து நாலு தடவை ஷட்டரை அடியுங்கள். துணி ஷட்டர் உள்ள கேமராவை வெயிலில் லென்ஸ் மூடாமல் சூரியனைப் பார்க்க வைக்காதீர்கள். பூதக்கண்ணாடிபோல் குவிந்து துணியில் ஓட்டை விழும். மூடி போட்டால் என் கதை, போடாவிட்டால் ஓட்டை! ஆகவே நடக்கும்போது மூடியைப் பையில் போட்டுவிட்டுக் கேமராவைக் கீழ்நோக்கித் தொங்கவிடுவேன்.

லென்ஸ் ஒன்று போதும். தெருவுக்கும் திருவிழாவுக்கும் 35 அல்லது 50. இயல்பான படத்துக்கு ஃபோக்கஸ் செய்ய நேரம் இருக்காது. முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். 35 லென்ஸில் துவாரம் எஃப் 8, தூரம் 3 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். 50-க்கு எஃப் 11 வைத்தாலும் 2-க்குச் சற்று மேல் தொடங்கி 5 மீட்டர் வரைதான் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம் என்றால் நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் 1/500. நிழலுக்கு வந்தால் மூன்று படி கூட்டித் திறக்கலாம். மீட்டரே வேண்டாம், பழகிவிடும். வீட்டில் கழுவுகிறவர்கள் கரைசலை 20 டிகிரிக்குக் கொண்டு வர வாளியில் ஐஸ் கட்டி போட வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் அவ்வளவு வெதுவெதுப்பு.

பயிற்சிக்கு நவராத்திரி ஊர்வலத்தைவிடச் சிறந்த இடம் நான் அறியேன். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் வருகிறார்கள். தமிழ் மண்ணிலிருந்து வரும் தெய்வங்களை மலையாள மண் வரவேற்கிறது. கூட்டம் முழுவதும் சுவாமியைத்தான் எடுக்கும். நீங்கள் திரும்பி நின்று சுவாமியைப் பார்க்கும் முகங்களை எடுங்கள். கரமனையில் தட்டோடு காத்து நிற்கும் அந்த முகங்களில் நம் வரலாறு முழுவதும் இருக்கிறது.

கேட்காமல் எடுப்பது முறையா?

நியாயமான கேள்வி. பிரெஸ்ஸோன் கேட்காமல்தான் எடுத்தார். 1950-இல் மதுரையில் பசியால் மெலிந்த குழந்தையோடு ஒரு தாயை அவர் எடுத்த படம் இன்றும் மனதைப் பிசைகிறது. அந்தத் தாயின் பெயர் படத்தில் இல்லை. கலைஞர் பெயர் நிலைத்தது. தாயின் பெயர் போயிற்று. அதை நினைக்கும்போது எங்கள் அப்பா சட்டை மாற்றக் கேட்டதில் இருந்த நியாயம் விளங்குகிறது. தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது என்பது ஒருவரின் உரிமை.

நான் கடைப்பிடிக்கும் வழி இது. எடுக்கும் முன் கேட்டால் இயல்பு போய்விடும். எடுத்த பின் போய்ச் சொல்லிவிடுவேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். ஒரு பிரதி கொடுப்பேன். துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அவர்களே கேட்டால் ஒழியக் கேமராவைத் தொடமாட்டேன். இன்று ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கிறது, எடுத்த நிமிஷமே ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். ஆகவே இந்தக் கட்டுப்பாடு முன்னைவிட இப்போது அதிகம் வேண்டும்.

ஒரு விண்ணப்பம்

சைக்கிள் படத்தில் இருப்பவர்களின் பெயர் நமக்குத் தெரிந்தது எதனால்? அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் முன்வந்து சொன்னதால். சொல்லாமல் போயிருந்தால் உலகப் புகழ் பெற்ற படத்திலும் அவர்கள் ‘யாரோ இருவர்’தான். எங்கள் அப்பா யாரோ ஒருவராகப் பத்தொன்பது வருஷத்துக்கு மேல் ஒரு தகரப் பெட்டியில் இருந்ததைப் போல.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறங்கள். ஸ்டூடியோவில் எடுத்ததைவிட, அடுக்களையில், கடையில், ரயில்வே பிளாட்பாரத்தில் யாரோ எதேச்சையாக எடுத்த படங்களைத் தேடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பெயர் கேளுங்கள். பின்புறத்தில் மெதுவான பென்சிலால், யார், எந்த இடம், எந்த வருஷம், எடுத்தவர் யார் என்ற நான்கையும் எழுதுங்கள்; பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். நெகட்டிவ் இருந்தால் காகித உறையில் தனியே வையுங்கள். அடுத்த ஆண்டு மலருக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு படம் வீதம் கொடுங்கள், பெயரோடு.

என் பங்குக்கு, அந்தத் தகரப் பெட்டிப் படத்தின் பிரதியை மலர்க் குழுவிடம் கொடுத்துவிட்டேன். பின்புறத்தில் அப்பாவின் பெயரும் சாலைக் கம்போளம் என்றும் எழுதியிருக்கிறேன். மூட்டை இறக்கும் இருவரின் பெயரும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எழுதி வைத்துவிடலாம்.